வானத்தில் ஏர் பூட்டிய தெய்வங்கள்

பாபிலோன் மன்னர் ஹம்முராபி (ஆட்சிக்காலம் கி.மு. 1792–1750) லார்சா வட்டாரத்தில் தமக்கு அதிகாரியாக இருந்த சின்-இத்தின்னத்துக்குப் பல கடிதங்கள் அனுப்பினார். எல்லாம் களிமண் பலகையில் எழுதியவை. அவற்றில் ஒன்றில், இந்த ஆண்டில் ஒரு மாதம் கூடுதலாக வருகிறது, அடுத்த மாதத்தை இரண்டாம் எலூலு என்று கணக்கில் பதிந்துகொள் என்கிறார். உடனே காரியத்துக்கு வந்துவிடுகிறார். எலூலுவுக்கு அடுத்த மாதமான தஷ்ரீத்து 25-ஆம் தேதி பாபிலோனுக்கு வந்துசேர வேண்டிய வரி, இரண்டாம் எலூலு 25-ஆம் தேதியே வந்தாக வேண்டும். மாதம் கூடலாம், வரிக்கு வாய்தா கிடையாது.

மாதத்தைக் கூட்டுவானேன்? அன்றைய மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட சமவெளியில், மாதம் என்பது பிறையிலிருந்து பிறை வரை. அப்படிப் பன்னிரண்டு மாதம் போனால் 354 நாள்தான் ஆகும். சூரியனின் ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் அறுவடை மாதம் விதைப்புக் காலத்தில் வந்து நிற்கும். எந்த ஆண்டில் மாதத்தைக் கூட்டுவது என்பதற்குப் பிற்காலத்தில் ஓர் எளிய விதி எழுதிவைத்தார்கள். ஆண்டின் முதல் மாதமான நிசன்னுவில் முதல் தேதியன்று நிலாவும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் சேர்ந்து நின்றால் அது சாதாரண ஆண்டு. மூன்றாம் தேதிதான் சேர்ந்தால் ஒரு மாதம் கூட்டு.

இந்த விதி இருக்கும் நூலின் பெயர் முல்அப்பின். இரண்டு களிமண் பலகைகள் கொண்டது. தேதியிட்ட பிரதிகளில் பழையது கி.மு. 686-ஐச் சேர்ந்தது, உள்ளே இருக்கும் சரக்கு அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தையது. மெசபடோமியர் வானத்தில் எந்தெந்தத் தெய்வத்தை எங்கெங்கே வைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்லிப் பக்கத்திலேயே இது இன்ன தெய்வம் என்று குறித்துக்கொண்டே போகிறது. முதல் பெயரே ஏர். ஏர் நட்சத்திரம் என்லிலுக்கு உரியது, என்லிலின் நட்சத்திரங்களுக்கு முன்னே செல்வது என்று நூல் தொடங்குகிறது.

வானத்தைப் பாகம் பிரித்த விதம் சொத்துப் பத்திரத்தை நினைவூட்டும். கிழக்கு அடிவானத்தை மூன்று பங்காக்கி, வடக்கே உதிப்பவை என்லிலுக்கு, நடுவே உதிப்பவை அனுவுக்கு, தெற்கே உதிப்பவை ஏயாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். அனு வானத்தின் தந்தை. என்லில் நிப்பூர் நகரத்துக் கோயிலிலிருந்து தெய்வங்களை ஆண்டவர். ஏயா நிலத்தடி நன்னீருக்கும் அறிவுக்கும் அதிபதி. அவருடைய ஊர் எரிடு, சதுப்பும் கடலும் நெருங்கிய தென்கோடியில் இருந்தது. தெற்கு வானம் அவருக்குப் போனதில் வியப்பில்லை.

அந்தத் தெற்குப் பங்கில்தான் ஆட்டுமீன் நீந்துகிறது. முன்பாதி ஆடு, பின்பாதி மீன். ஏயாவின் அடையாள விலங்கு அது. அடுத்து, பொங்கி வழியும் குடத்தைப் பிடித்தபடி நிற்கும் பெரிய உருவம் ஒன்று. அதற்கும் அப்பால் மீன்கள். ஏன் எல்லாமே தண்ணீர்ச் சமாசாரம்? மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சூரியன் இந்தப் பகுதியைக் கடந்த மாதங்கள் அந்தச் சமவெளிக்கு மழைக்காலம். தெய்வங்களை வானத்தில் கண்டபடி இறைத்துவிடவில்லை. எந்தப் பருவத்தில் யாருக்கு வேலையோ அங்கே அவரை நிறுத்தினார்கள்.

வயல் வேலைகளைப் பாருங்கள். நாம் சித்திரை என்று சொல்லும் பிரகாசமான நட்சத்திரம் அவர்களுக்கு உழவுசால். அதன் தெய்வம் ஷாலா, கையில் பார்லிக் கதிர் பிடித்தவள், மழைக்கும் புயலுக்கும் உரிய அதாதின் மனைவி. சப்தரிஷி மண்டலம் ஒரு கட்டைவண்டி. அது என்லிலின் மனைவி நின்லிலுக்கு. நாம் மேஷம் என்று ஆட்டுக்கடாவாகப் பார்க்கும் இடத்தில் அவர்கள் பார்த்தது ஒரு கூலியாளை! பார்லி அறுவடை நெருங்கி, வயலுக்கு ஆள் தேடும் வசந்த காலத்தில் அந்த இடத்துக்கு முக்கியத்துவம் வரும்.

அந்தக் கூலியாள் சாதாரணப்பட்டவர் அல்ல. முல்அப்பின் அவரைத் துமுஸி என்கிறது. துமுஸி ஆடு மேய்ப்பவர். இனான்னா என்றும் இஷ்தார் என்றும் அழைக்கப்பட்ட தேவியின் கணவர். பாதாளத்துக்குப் போய்த் திரும்பிய தேவி தனக்கு மாற்றாள் ஒருவரை அங்கே அனுப்பியாக வேண்டும். ஊரே துக்கம் கொண்டாடும்போது அரியணையில் சொகுசாக உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்ததும் இவரையே பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகு பாதி ஆண்டு துமுஸி, பாதி ஆண்டு அவருடைய தங்கை என்று முறை வைத்துக்கொண்டார்கள். துமுஸிக்காகக் கோடையில் பெண்கள் கூடி அழுவது வழக்கம். எருசலேம் ஆலயத்து வாசலிலேயே பெண்கள் அப்படி உட்கார்ந்து அழுததாக விவிலியத்தின் எசேக்கியேல் நூல் கோபத்தோடு குறிப்பிடுகிறது. ஈராக்கில் ஜூலை மாதத்துக்கு இன்றும் பெயர் தம்மூஸ்.

தேவியின் கோபம் பதிந்த இன்னோர் இடமும் உண்டு. கில்கமேஷ் காவியத்தின் ஆறாம் பலகையில், தன்னை மணக்க மறுத்துப் பழைய காதலர்களின் கதியையெல்லாம் பட்டியலிட்டுக் கேலி செய்த மன்னன் கில்கமேஷ் மீது இஷ்தாருக்கு ஆத்திரம். அப்பா அனுவிடம் போய் விண்ணின் காளையைக் கேட்டு வாங்கி ஊருக்குள் இறக்கிவிடுகிறாள். அது மூச்சுவிட்டாலே தரை பிளந்து நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே விழுகிறார்கள். கில்கமேஷும் நண்பன் என்கிடுவும் அதைக் கொன்றுவிடுகிறார்கள். அதோடு நின்றார்களா? என்கிடு காளையின் தொடையைப் பிய்த்துத் தேவியின் முகத்தை நோக்கி வீசுகிறான். காளை இன்றைக்கும் ரிஷபமாக வானத்தில் நிற்கிறது. ரோகிணியைச் சுற்றிக் கூர்நுனி கொண்ட சிறு நட்சத்திரக் கூட்டம் அதன் முகவாய். படத்தில் வரையும்போது பெரும்பாலும் முன்பாதி உடம்பை மட்டும் வரைவது வழக்கம். பின்பாதி எங்கே என்ற கேள்விக்கு என்கிடுவின் கதையில் பதில் தேடும் ஆய்வாளர்கள் உண்டு. காளைக்கு எதிரே, நாம் திருவாதிரை என்னும் செந்நட்சத்திரத்தைத் தோளில் தாங்கி நிற்பவர் அனுவின் மெய்யான மேய்ப்பர். அவரைப் பப்சுக்கல் என்று முல்அப்பின் அடையாளம் காட்டுகிறது. அனுவுக்கும் இஷ்தாருக்கும் தூதர்.

கூலா என்ற மருத்துவ தேவிக்கும் ஓர் இடம் உண்டு. அபிஜித் நட்சத்திரம் இருக்கும் பகுதி அவளுடைய வெள்ளாடு. அதற்கு முன்னால் ஒரு நாய். கூலாவின் அடையாள விலங்கே நாய்தான். இசின் நகரத்தில் அவள் கோயிலை அகழ்ந்தபோது 33 நாய்களைப் புதைத்திருந்தது தெரியவந்தது.

இந்த உருவங்கள் எல்லாம் எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் நமக்கு இவ்வளவு பிடிபட்டிருக்காது. கல்லிலும் செதுக்கி வைத்தார்கள். மன்னர் யாருக்காவது நிலம் மானியமாகக் கொடுத்தால், அந்தச் சாசனத்தைக் கல்லில் பொறித்துத் தெய்வங்களைச் சாட்சியாக வரைவது பாபிலோனை ஆண்ட காசைட் அரசர்களின் காலத்து வழக்கம். குடுர்ரு என்பது அந்தக் கல்லின் பெயர். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மெலி-ஷிபாக் மன்னரின் கல் ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரிய கல். மகளின் கையைப் பிடித்து, அரியணையில் அமர்ந்த நனாயா தேவியின் முன்னால் மன்னர் அழைத்து வருகிறார். தலைக்கு மேலே பிறை, சூரிய வட்டம், எட்டு முனை நட்சத்திரம் மூன்றும் நெருங்கி நிற்கின்றன. பிறை சின், வட்டம் ஷமாஷ், எட்டு முனை நட்சத்திரம் இஷ்தார். நிலத்தை யாராவது அபகரித்தால் கேட்க மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பிற குடுர்ருகளில் மண்வெட்டி மர்துக்கின் இடத்திலும், எழுத்தாணி நபுவின் இடத்திலும், தேள் இஷ்ஹாரா தேவியின் இடத்திலும் நிற்கும். குதிரை உடலும் தேள் வாலுமாக வில்லை வளைத்து நிற்கும் ஓர் உருவத்தையும் காணலாம். பபில்சக் என்ற தெய்வத்தின் உருவம் அது.

இதே உருவங்களை ஆயிரம் ஆண்டுகள் கழித்துச் சந்திக்கலாம். ஊருக் நகரத்தில் கி.மு. 200-ஐ ஒட்டிச் செய்த பலகை ஒன்று உடைந்து, ஒரு பாதி பாரிஸிலும் மறு பாதி பெர்லினிலும் இருக்கிறது. கூர்மையான கருவியால் களிமண்ணில் கோட்டோவியமாகக் கீறிய படங்கள் அதில் உள்ளன. நீண்ட நாகத்தின் முதுகில் சிங்கம் நடக்கிறது. சிங்கத்துக்கு முன்னால் எட்டு முனை நட்சத்திரமாக வியாழன். நாகத்தின் வாலை ஒரு காகம் கொத்துகிறது. பக்கத்தில் கதிர் ஏந்திய பெண். நாகம் பாதாளத்துத் தெய்வமான நிங்கிஷ்ஸிடாவுக்கு உரியது, காகம் அதாதுக்கு. படங்களுக்குக் கீழே ஒவ்வொரு ராசியையும் பன்னிரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில், ஒரு மரம், ஒரு கல் என்று பட்டியல். ராசிக்கல் மோதிரம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

நிலையான நட்சத்திரங்களுக்கு இடையே நகர்ந்துகொண்டே இருக்கும் கிரகங்களும் தெய்வங்கள்தான். வியாழன் பாபிலோனின் தலைமைத் தெய்வம் மர்துக், புதன் எழுத்தின் தெய்வம் நபு, செவ்வாய் கொள்ளைநோயும் போரும் கொண்டுவரும் நெர்கல், சனி நினுர்தா. வெள்ளி இஷ்தார். ஊருக்கில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்குப் பலகைகளிலேயே காலை இனான்னாவுக்கும் மாலை இனான்னாவுக்கும் தனித்தனி விழா குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கிரகம் என்ற அறிவு அவ்வளவு பழையது. கிரேக்கர்கள் பின்னால் கிரகங்களுக்குத் தங்கள் தெய்வங்களின் பெயரை வைத்தபோது அநேகமாகப் பாபிலோன் பட்டியலுக்கு நேர் வைத்தே வைத்தார்கள்: மர்துக்குக்கு ஜீயஸ், இஷ்தாருக்கு அப்ரோடைட்டி, நெர்கலுக்கு ஏரிஸ்.

அப்படியானால் வெள்ளிக் கிரகமே இஷ்தார் என்று நம்பினார்களா? ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பெழுத்தில் ஒரு தெய்வத்தின் பெயரை எழுதும்போது முன்னால் ஒரு குறி போடுவார்கள். ஆதியில் அது நட்சத்திரப் படம். ஆனாலும் படைப்புக் காவியமான எனூமா எலிஷ், மர்துக் நட்சத்திரங்களைத் தெய்வங்களின் சாயல்களாக நிறுத்தினார் என்றே சொல்கிறது. கருவறையில் மூலவர் இருக்க, உற்சவர் வீதியில் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மர்துக் பாபிலோனின் எசகிலா கோயிலில் சிலையாகவும் இருந்தார், வானத்தில் வியாழனாகவும் போய்க்கொண்டிருந்தார்.

அதே காவியத்தில் வரும் நேபெரு என்ற பெயரை வைத்து யூடியூபில் நடக்கும் வியாபாரம் தனிக்கதை. நிபிரு என்ற மறைந்த கிரகம் பூமியை மோதப் போகிறது என்று 2012-இல் கிளப்பிய பீதி பலருக்கு நினைவிருக்கும். பாபிலோனியரின் பலகைகளில் நேபெரு என்பது மர்துக்கின் நட்சத்திரம். பெரும்பாலும் நம் வியாழன்தான். மோதலும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை.

உண்மையில் நடந்ததே கற்பனையைவிடத் திகைக்க வைக்கும். வானத்தைத் தெய்வங்கள் எழுதும் பலகை என்று கருதினார்கள். அதை வாசிப்பதற்கு எனூமா அனு என்லில் என்ற பெயரில் சுமார் 70 பலகைகள் கொண்ட சகுனத் தொகுப்பு இருந்தது. நினிவேயில் அசிரிய மன்னர் அசுர்பனிபாலின் நூலகத்தில் அதன் பிரதிகள் கிடைத்தன. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசிரிய மன்னர் எசர்ஹத்தோனுக்கும் அவர் மகன் அசுர்பனிபாலுக்கும் வானம் பார்ப்பவர்கள் அனுப்பிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தொழில் சண்டையும் உண்டு. வெள்ளி தெரிகிறது என்று மன்னருக்கு எழுதிய ஆளை, அவன் ஒன்றும் தெரியாதவன், ஏமாற்றுக்காரன் என்று நபு-அஹே-எரிபா என்ற அறிஞர் வெளுத்து வாங்குகிறார்.

சந்திர கிரகணம் வந்தால் அரண்மனை நடுங்கும். சந்திரத் தெய்வமான சின் துன்பப்படுகிறார் என்று பெரிய வெண்கலப் பேரிகையை முழக்கிப் புலம்பல் பாடுவார்கள். நிலவின் எந்தப் பக்கம் இருண்டதோ அதை வைத்து எந்த நாட்டு மன்னருக்கு ஆபத்து என்று கணிப்பார்கள். அந்த நேரத்தில் வியாழன் கண்ணுக்குத் தெரிந்தால் பிழைத்தோம். மர்துக் காவலுக்கு நிற்கிறார். தெரியாவிட்டால் மாற்று மன்னர். யாராவது ஒருவரை அரியணையில் உட்காரவைத்து, அரச உடை போட்டு, ஓர் அரசியையும் பக்கத்தில் வைப்பார்கள். அதிகபட்சம் 100 நாள் அந்த வேஷம். உண்மையான மன்னருக்கு அதுவரை எழுதும் கடிதங்களில் குடியானவருக்கு என்று விலாசமிடுவார்கள். கெடு முடிந்ததும் மாற்று மன்னர் சாக வேண்டும். வானம் விதித்த சாவு அவர் தலையில் இறங்கியாகிவிட்டது.

பெரும்பாலும் கேட்பாரற்றவர்களைத்தான் பிடிப்பார்கள். எசர்ஹத்தோன் காலத்தில் ஒரு முறை, அக்காத் நகரத்துக் கோயில் நிர்வாகியின் மகன் தம்கி என்பவரையே உட்காரவைத்துவிட்டார்கள். தம்கியும் அவருடைய அரசியும் இறந்ததை மன்னருக்கு எழுதுகிறார் மார்-இஸ்ஸார் என்ற அதிகாரி. கல்லறை கட்டினோம், அலங்கரித்தோம், முறைப்படி அழுது அடக்கம் செய்தோம், சடங்குகள் முடிந்தன, மன்னர் கவலைப்பட வேண்டாம் என்கிறார். அலுவலக அறிக்கையின் குரல் அது. சனங்கள் பயந்துபோயிருந்தார்கள், தைரியம் சொன்னோம் என்றும் ஒரு வரி. பெரிய வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் பயம் வராமல் இருக்குமா?

இந்தப் பயத்தில்தான் வானியல் வளர்ந்தது என்பது கசப்பான உண்மை. கிரகணம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருக்கலாம் அல்லவா? இரவுக்கு இரவு குறித்துவைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் விடாமல் குறித்தார்கள். சந்திரன் போகும் பாதையில் நிற்கும் தெய்வங்கள் என்று முல்அப்பின் பதினேழு பதினெட்டு உருவங்களைச் சொல்கிறது. கணக்குப் போடுவதற்கு அது தோதாக இல்லை. எனவே கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பாதையைத் தலா 30 பாகை கொண்ட பன்னிரண்டு சம பங்காக வெட்டினார்கள். ராசிச் சக்கரம் பிறந்தது அப்படித்தான். கிடைத்தவற்றில் மிகப் பழைய பிறந்த ஜாதகப் பலகைகள் கி.மு. 410-ஐச் சேர்ந்தவை.

அலெக்சாண்டர் கி.மு. 331-இல் பாபிலோனைப் பிடித்த பிறகு சக்கரம் கிரேக்கர்களிடம் போனது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அது முழு ஜோதிடமாக வளர்ந்து, இந்தியாவுக்குக் கப்பலேறியது. யவனஜாதகம் என்ற சமஸ்கிருத நூலின் பெயரே அதைச் சொல்கிறது. அதன் காலம் பற்றித்தான் அறிஞர்களிடையே சர்ச்சை. அந்த நூலை 1978-இல் பதிப்பித்த டேவிட் பிங்ரீ, 1989-இல் ஹெர்மன் ஹங்கருடன் சேர்ந்து முல்அப்பினையும் பதிப்பித்தார். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத்ஜாதகத்தில் மேஷத்துக்குக் கிரிய என்றும் ரிஷபத்துக்குத் தாவுரி என்றும் கிரேக்கப் பெயர்களே இருக்கின்றன. அசுவினி முதல் ரேவதி வரையிலான 27 நட்சத்திரங்கள் இந்திய மரபுக்கே உரியவை. பன்னிரண்டு ராசிகள் வெளியிலிருந்து வந்து அதோடு கலந்தவை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் சான்றுகள் அப்படித்தான் இருக்கின்றன.

பெயர் மாறி, மொழி மாறி, தெய்வங்களே மறந்துபோன பிறகும் உருவங்கள் பிடிவாதமாகத் தங்கிவிட்டன. வராகமிகிரர் மகரத்தை மான்முகம் கொண்ட நீர்விலங்கு என்கிறார். ஏயாவின் ஆட்டுமீனிலிருந்து அது அதிக தூரம் போய்விடவில்லை. தனுசு அவருக்குக் குதிரைப் பின்னுடல் கொண்ட வில்லாளி. பபில்சக் தேள் வாலை மட்டும்தான் இழந்திருக்கிறார். கன்னி படகில் இருக்கிறாள், ஒரு கையில் நெருப்பு, மறு கையில் ஷாலாவின் அதே கதிர். நம் நாள்காட்டிகளில் கும்பம் பெரும்பாலும் குடமாக மட்டுமே இருக்கும். குடத்தைப் பிடித்திருந்த ஆள் வழியில் எங்கோ கழன்றுவிட்டார்.

மார்கழி, தை மாதங்களில் ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், இரவு 9 மணிவாக்கில் அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில் கார்த்திகைக் கூட்டம் தெரியும். குடுர்ருகளில் ஏழு புள்ளிகளாகச் செதுக்கிய ஏழு தெய்வங்கள் அவைதாம். சற்றுக் கிழக்கே ரோகிணி, விண்ணின் காளையின் முகவாயில் செம்புள்ளியாக. அங்கிருந்து தென்கிழக்கே பார்வையை நகர்த்தினால் ஒரே வரியில் மூன்று நட்சத்திரங்கள் இடுப்புக் கச்சையாக இருக்க, அனுவின் மேய்ப்பர் நிற்பார். தொலைநோக்கி தேவையில்லை.